பியானோப் பயிற்சியும் வீட்டார் கடமையும்

தமிழையும் கணிதத்தையும் பிள்ளைகள் பெரும்பாலும் பாடசாலையிலேயே கற்கின்றனர். வீட்டிலே அவர்கள் செய்வது கற்றதனை மீட்டல் மாத்திரமே. இசைக்கருவி பயிலும் பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. கிழமைக்கு ஒருமுறை அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ ஆசிரியர் முன் அமர்ந்து கேட்டதனை, எஞ்சிய ஆறு நாளும் வீட்டிலிருந்தே கைவரப் பெறுதல் வேண்டும். ஆகவே, அப்பிள்ளை முன்னேறுவதும் மனந்தளர்ந்து கைவிடுவதும் வீட்டிலேதான் தீர்மானமாகின்றன. இவ்வுண்மையை நம்மிற் பலர் உணர்ந்திலர். கருவியை வாங்கிக் கொடுத்து, ஆசிரியர் ஒருவரையும் அமர்த்திவிட்டால் நம் கடமை முடிந்தது என்றிருக்கின்றோம்.

பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வேன் எனச் சிலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின், அண்மைக் காலத்திற் கல்லூரிக்கு வந்துசெல்லும் பழைய மாணவர் பலர் என்னிடம் வினாவுவது இலக்கியம் பற்றியன்று. “சேர், பிள்ளைக்கு ஓர்கன் வாங்கிக் குடுத்தனான். மூன்று மாதம் வாசிச்சான். இப்ப துணி போட்டு மூடிக் கிடக்குது” என்பதே அவர்தம் முறையீடு. கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து விடுமுறையில் வருவோரும் பியானோவைச் சுட்டி இதனையே கூறுகின்றனர். யான் இசைவாணன் அல்லேன். எனினும், இவ்விடயத்திற் பெருந்தவறு ஒன்று செய்து, பின்னர் அதனைத் திருத்திக்கொண்ட தந்தை என்னும் உரிமை பற்றிச் சில கூறத் துணிகின்றேன்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் நன்று. பியானோ என்பது தந்திக் கருவியே. அதன் பேழைக்குள்ளே ஏறத்தாழ 230 உருக்குத் தந்திகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் மொத்த இழுவிசை 15 தொன்னுக்கு மேற்பட்டது. விரலால் ஒரு கட்டையை அழுத்த, கம்பளி போர்த்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து உரிய தந்தியை அடித்து மீளும். இத்தாலி நாட்டவராகிய கிறிஸ்தோபோரி என்பார் 1700 ஆம் ஆண்டளவில் இவ்வமைப்பைக் கண்டார். அதற்கு முன்னிருந்த ஆர்ப்சிகோட் என்னுங் கருவியிலே தந்தி சுண்டப்படுமாதலின், விரலை மெல்ல வைப்பினும் வன்மையாக வைப்பினும் ஓசையின் அளவு பெரிதும் மாறாது. பியானோவிலோ விரலின் வேகத்துக்கேற்ப ஓசை மெலிந்தும் வலுத்தும் ஒலிக்கும். மெல்லோசையும் வல்லோசையும் தருவது என்னும் பொருள்பட அதற்குப் பியானோபோர்த்தே எனப் பெயரிட்டனர். அப்பெயரின் முற்பாதியே இன்று வழங்குகின்றது.

முழுப் பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகள் உள. இக்கருவி விலைமிக்கது, நம் வன்னிப் பகுதியிற் காண்டற்கு அரியது. ஈரமும் வெப்பமும் மாறிமாறி வருமிடங்களில் அதன் மரமும் தந்தியும் சுருதி பிறழும். அதனைச் சீர்செய்வாரை அழைத்தலும் எளிதன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகளின் கைக்கு எட்டுவது ஓர்கன் என்றும் கீபோட் என்றும் நாம் வழங்கும் மின்னிசைப் பலகையே. அதிற் பெரும்பாலும் 61 கட்டைகள், அஃதாவது ஐந்து தாயிகள், இருக்கும். கட்டைகளின் வரிசை பியானோவுக்கும் இதற்கும் ஒன்றே. நம் கோயிற் பசனையிலும் பாடசாலைப் பிரார்த்தனையிலும் ஒலித்த ஆர்மோனியத்துக்கும் அதுவே வரிசை. ஆகவே மின்னிசைப் பலகையிற் பயிலத் தொடங்கும் பிள்ளை வழிதவறிவிட்டது என எவரும் கவலுதல் வேண்டா. விரலின் மென்மை வன்மைக்கேற்ப ஓசை மாறும் பலகையாகப் பார்த்து வாங்குதல் மாத்திரம் இன்றியமையாதது.

‘நம் இசைக்கும் இக்கருவிக்கும் பொருத்தம் உண்டோ?’ என வினவுவாரும் உளர். வெள்ளைக் கட்டைகளை மாத்திரம் ஸட்ஜம் முதல் ஒழுங்காக வாசிப்பின் வருவது சங்கராபரணம். முதலாவது கட்டை வெள்ளை, அடுத்தது கறுப்பு, பின் மூன்றும் வெள்ளை, அடுத்தது கறுப்பு, பின் இரண்டும் வெள்ளை என வாசிப்பின் வருவது மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் வகுத்தன எனப்படும் சரளி வரிசை முதலிய தொடக்கப் பாடங்கள் இவ்விராகத்திலேதான் அமைந்தன என்பதனை நம் பிள்ளைகள் பாடசாலைச் சங்கீத வகுப்பிலேயே அறிவர். ஆயினும் ஒரு குறை உண்டு. கட்டைக் கருவியில் ஒரு சுரத்துக்கும் மறு சுரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்ல இயலாது. கமகம் அதிற் பிறவாது. இது முதலிய காரணங்களால் அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அவ்விலக்கு 1971 இலேதான் தளர்ந்தது. எனவே இராகத்தின் உயிரைப் பிள்ளை குரலாலும் செவியாலும் கற்க வேண்டும். விரலின் ஒழுங்கையும் தாளத்தின் உறுதியையும் இரு கைகளின் இணக்கத்தையும் கட்டைக் கருவியிற் கற்கலாம். ஒன்றுக்கு மற்றொன்று பகையன்று.

இனி விரலைப் பற்றிக் கூறுவேன். பெருவிரலை 1 எனவும் சிறுவிரலை 5 எனவும் எண்ணிடுவது பியானோ மரபு. ஸட்ஜம் முதல் மேல் ஸட்ஜம் வரை எட்டுக் கட்டைகள். கைக்கு உள்ளனவோ ஐந்து விரல்கள். வலக்கை ஏறுங்கால் முதல் மூன்று சுரங்களை 1, 2, 3 என வாசித்த பின், பெருவிரல் உள்ளங்கையின் கீழாக நுழைந்து நான்காஞ் சுரத்தைத் தொடும். அதன்பின் 1, 2, 3, 4, 5 என எட்டும் நிறைவுறும். இச்சிறு நுட்பத்தை அறியாது இரண்டு விரலால் தட்டிப் பழகிய பிள்ளை, தொடக்கத்தில் விரைவாக முன்னேறுவது போலத் தோன்றும். வேகமான பாடல் வந்தவிடத்து அப்படியே நின்றுவிடும். யோகான் செபஸ்தியான் பாக் என்னும் ஜேர்மானிய இசைமேதை, 1720 இல், ஒன்பது வயதினனாகிய தம் மூத்த மகனுக்கெனத் தம் கையாலேயே பயிற்சிப் புத்தகம் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் முற்பகுதியிலேயே விரல் எண்கள் குறித்த சிறு பாடம் ஒன்று உளது. பெரும் புலவனும் தன் பிள்ளைக்கு அரிச்சுவடியிலிருந்தே தொடங்க வேண்டும் போலும்!

இத்துணையும் நூலறிவு. என் தவறு இதற்கு மேலது.

1996 இல் நாங்கள் கிளிநொச்சி நகரை விட்டு இடம்பெயர்ந்தபொழுது எனக்கு 16 வயது. என் தந்தையாரின் ஆர்மோனியம் வீட்டிலே தங்கிவிட்டது. ‘பிறகு பழகலாம்’ என்று அதுவரை அதனைத் தொடாதிருந்தவன் யான். மீண்டு சென்றபோது ஆர்மோனியமும் இல்லை. வீட்டுக்குக் கூரையும் இல்லை. அந்நாளில் எங்களுக்கு வாய்த்த இசை, சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலியிற் கேட்டது மாத்திரமே. இது எனக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. வன்னியில் என் வயதினர் பலர்க்கும் கற்கும் பருவம் இடப்பெயர்விலேயே கழிந்தது. பின்னாளில் என் மகள் ஓர்கன் பயில விரும்பியபோது, இழந்த ஆண்டுகள் அனைத்தையும் அவள் விரல்களால் மீட்டுவிடலாம் என என் உள்ளம் அவாவிற்று. அவ்வவா எனக்கு அன்றே தெரிந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு அவளை இருத்துவேன். ஏழு மணிக்கு எழுப்புவேன். மணிக்கூட்டை ஓர்கனின் மேலேயே வைத்திருந்தேன். அவளும் எதிர்வார்த்தை பேசாது, ஒரு பாடலை முதலிலிருந்து தொடங்குவாள், பன்னிரண்டாம் பதின்மூன்றாம் சுரத்தருகே தடுமாறுவாள், “திரும்ப முதலிலிருந்து” என்பேன், மறுபடியும் தொடங்குவாள், அதே இடத்தில் தடுமாறுவாள். ஒரு மணி நேரம் நிறைவெய்தியது என யான் மகிழ்வேன். இவ்வாறு எட்டு மாதங்கள் கழிந்தன. பாடசாலை விழா ஒன்றில் அப்பாடலை வாசித்தபொழுது, அதே இடத்தில் விரல் நின்றது. அவையோர் கைதட்டி ஊக்கினர். வீடு வந்ததும் அவள் ஓர்கனின் மேல் துணியை விரித்தாள். “அப்பா, எனக்கு இனி இது வேண்டாம்” என்றாள். வேறொன்றும் கூறவில்லை.

அவளுடைய இசையாசிரியையிடம் சென்று, ஒருநாளும் தவறாது ஒரு மணி நேரம் வாசிப்பித்தேனே என முறையிட்டேன். அவர் கூறிய விடையை யான் மறவேன்: “பிள்ளை நல்லாய்த்தான் பழகியிருக்கிறா, சேர். பாட்டை மட்டுமில்லை, அந்தப் பிழையையும் சேர்த்துப் பழகியிருக்கிறா.”

இதனைக் கேட்டு யான் நாணியதற்குத் தனிக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளாக வகுப்பறையிலே யான் அறிந்து கையாளும் உண்மை இதுவே. லகர, ழகர, ளகரங்களை மயங்கி ஒலிக்கும் மாணவனைப் பாடம் முழுவதையும் பத்துத் தடவை வாசி என எவ்வாசிரியனும் பணியான். பணித்தால் அம்மயக்கம் பத்து மடங்கு உறுதிப்படும். அச்சொல்லிலே நிறுத்தி, நா எங்கே படுகின்றது எனக் காட்டி, அதனை மெல்லச் சொல்வித்து, பின் முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு கூட்டி, அதன்மேலன்றோ வாக்கியத்தை வாசிப்பிக்கின்றோம்? ஆசிரிய கலாசாலையிற் கற்ற இம்முறையை என் வீட்டு வாசற்படியிலேயே கழற்றி வைத்துவிட்டேன்.

விரலின் பழக்கம் நல்லது, தீயது எனப் பகுத்தறியாது. எதனைப் பன்முறை செய்கின்றோமோ அதனையே அது கற்றுக்கொள்ளும். இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஒஸ்ரின் நகரிலுள்ள தெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் றொபேட் டியூக் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் செய்த ஆய்வு ஒன்று 2009 இல் வெளியாயிற்று. தேர்ந்த பியானோ மாணவர் 17 பேருக்குச் சொஸ்தாகோவிச்சின் இசைப்பாடம் ஒன்றிலிருந்து சிறு பகுதி ஒன்று தரப்பட்டது. வேண்டிய அளவு நேரம் பயின்று, மறுநாள் வந்து வாசிக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். மறுநாள் எவர் சிறப்பாக வாசித்தார் என்பதற்கும், அவர் எத்தனை நிமிடம் பயின்றார், எத்தனை முறை வாசித்தார் என்பவற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. சிறந்தவர்களும் முதலிற் பிழைவிட்டவர்களே. ஆனால், பிழை நேர்ந்த இடத்தை அவர்கள் உடனே இனங்கண்டனர், வேகத்தைக் குறைத்தனர், அச்சிறு பகுதியை மாத்திரம் செம்மையாகும் வரை வாசித்தனர், அதன்பின் அப்பிழை அவர்களிடம் மீளவில்லை.

பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எவரும் வல்லவராகலாம் என்னும் பேச்சு இன்று எங்கும் வழங்குகின்றது. அண்டேர்ஸ் எரிக்சன் முதலியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது கிளைத்தது. பேர்லின் நகரத்து வயலின் மாணவருட் சிறந்தோர் 20 வயதளவில் அத்துணை நேரம் பயின்றிருந்தனர் என்பது அதிற் கண்ட உண்மையே. ஆயின், அவ்வாய்வு வற்புறுத்தியது மணிக்கணக்கையன்று. குறையை நோக்கி முழுக் கருத்தோடு செய்யும் பயிற்சியை. அத்தகைய பயிற்சியை நெடுநேரம் தொடர்தல் அரிது, இடையிடையே ஓய்வு வேண்டும் என்பதும் அவ்வாய்விலேயே கூறப்பட்டது. மக்கள் எண்ணைப் பிடித்துக்கொண்டு கருத்தை விட்டனர். யானும் அவருள் ஒருவன்.

சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றிலே, தன் 13 ஆம் வயதில், கடிய பியானோப் பாடம் ஒன்றை நிமிடத்துக்கு 208 அடி என்னும் வேகத்திலும் பின்னர் 325 அடி என்னும் வேகத்திலும் வாசித்து வெற்றி பெற்றதனை நம் பிள்ளைகள் கைப்பேசியிற் கண்டு வியக்கின்றனர். வியத்தல் தக்கதே. ஆயின் பிள்ளைகள் காண்பது மூன்றாங் காலத்தை மாத்திரம். சரளி வரிசையை முதற் காலத்தில் உறுதியாக்காமல் மூன்றாங் காலத்துக்கு எவரும் போவதில்லை என்பது நம் முன்னோர் வகுத்த முறை. பியானோவுக்கும் அதுவே முறை.

துணி விரித்த ஓர்கன் இரண்டு கிழமை அப்படியே கிடந்தது. அதன்பின் மகளிடம், “அந்த ஒரு இடத்தை மட்டும் எனக்குக் காட்டு, எனக்கும் பழகவேண்டும்” என்றேன். அவள் நகைத்து, என் தடித்த விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்துக் காட்டினாள். காட்டும்பொழுது அவள் தானே கண்டுபிடித்தாள்: அவ்விடத்தில் நான்காம் விரல் வரவேண்டியிருக்க, அவள் மூன்றாம் விரலை இட்டுவந்தாள். அதனால் அடுத்த சுரத்துக்கு விரல் இல்லாது போயிற்று. எட்டு மாதத் தடுமாற்றத்தின் காரணம் ஒரு விரல்! அன்று அவள் வாசித்தது 15 நிமிடம். நான்கு நாளில் அத்தடை நீங்கிற்று.

பெற்றோரும் பிள்ளைகளும் கைக்கொள்ளத்தக்கன என யான் கண்டவற்றை இனித் தொகுத்துரைப்பேன்.

முதலாவது, நாள்தோறும் சிறிது நேரம். தொடக்கநிலைப் பிள்ளைக்கு 15 அல்லது 20 நிமிடம் போதும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வாசித்து ஏனைய நாள்களில் தொடாதிருப்பதிலும், நாளுக்குக் கால்மணி நேரம் வாசிப்பது பன்மடங்கு பயன் தரும். ஒருநாள் கற்றது இரவு உறக்கத்தின்போது மூளையிலே உறுதிப்படும். மறுநாள் அதன்மேல் கட்டலாம்.

இரண்டாவது, இடம். ஓர்கனைக் கட்டிலிலும் நிலத்திலும் வைத்து வாசித்தல் தகாது. மேசைமேல் வைத்து, முழங்கையும் கட்டையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்குமாறு கதிரையை அமைத்தல் வேண்டும். மூடி வைக்காது, வீட்டார் நடமாடும் இடத்தில் திறந்து வைத்தால், பிள்ளை போகும்போதும் வரும்போதும் தொடும். அவ்வாறு தொடுவதும் பயிற்சியே.

மூன்றாவது, ஒரு கை, பின் மறு கை, அதன்பின் இரு கை. இரு கையும் சேருங்கால் வேகத்தைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். தாளக் கணிப்பி இக்காலப் பலகைகள் பலவற்றில் உள்ளேயே அமைந்திருக்கும். ஒரு விரலை வைத்தால் முழு வாத்தியக் குழுவும் முழங்கும் தானியங்கிப் பின்னணியைப் பயிற்சி முடியும் வரை நிறுத்தி வைத்தல் நலம். அது பிள்ளையின் பிழையைப் பிள்ளைக்கே மறைத்துவிடும்.

நான்காவது, பிழையிலே நிற்றல். “திரும்ப முதலிலிருந்து” என்னும் சொல்லை வீட்டிலிருந்து விலக்குக. “எந்த இடம்?” என்று வினவுக. பிள்ளை அவ்விடத்தைக் காட்டினால் பாதி திருந்தியது எனக் கொள்க.

ஐந்தாவது, மின்சாரமோ கருவியோ இல்லாதவிடத்தும் பயிற்சி உண்டு. காட்போட் மட்டையிலே கட்டைகளை அளவாகக் கீறி, அதன்மேல் விரல் எண்ணைப் பழகலாம்; சுரத்தை வாயாற் பாடலாம். ஓசையில்லா மட்டையிற் பழகிய பிள்ளை, கருவி கிடைத்தபோது விரலைத் தேடாது.

ஆறாவது, பரீட்சை. 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும், பியானோவுக்கு இங்கிலாந்துச் சபைகள் நடத்தும் பரீட்சைகளும் பிள்ளைக்குப் படிகளாக உதவும். ஆனால், பரீட்சைக்குரிய சில பாடல்களை மாத்திரம் ஆண்டு முழுதும் வாசிப்பித்து, சித்தி எய்தியதும் கருவியை மூடிவிடுதல், விடையை மனனஞ் செய்து பாடத்தை மறப்பது போலாம். தானே விரும்பிய பாடல் ஒன்றைப் பிள்ளை நாள்தோறும் வாசிக்க விடுதல் வேண்டும்.

இறுதியாக, இசை அறியாத பெற்றோர் யாது செய்யலாம்? கேட்கலாம். இருபது நிமிடம் கைப்பேசியைத் தொலைவில் வைத்துவிட்டு, அருகே அமர்ந்து கேட்பதே பெரும் உதவி. “இன்று எது கடினமாக இருந்தது? அதை எனக்குக் காட்டு” என்றால், பிள்ளை ஒரு கணம் ஆசிரியராகிவிடும். கற்பிக்கப் புகுந்தவன் தன் பிழையைத் தானே காண்பான் என்பது ஆசிரியத் தொழிலில் யாம் அனைவரும் கண்ட உண்மையன்றோ?

பழைய மாணவ அன்பர்களே! இக்கல்லூரியின் கொட்டில் வகுப்புகளிலும் மரநிழலிலும் இருந்து கற்றவர்கள் நீங்கள். நாம் இழந்தன பல. இழந்ததனைப் பிள்ளைகள் விரைந்து ஈட்டித் தரவேண்டும் என்னும் அவசரம் நம் நெஞ்சின் ஆழத்தில் உளது. அது அன்பினால் எழுந்ததே. எனினும் அதன் சுமை பிஞ்சு விரல்களின்மேல் விழுகின்றது. என் தந்தையாரின் ஆர்மோனியத்தை என் மகள் மீட்டுத் தரவேண்டியதில்லை. அவள் வாசிக்க வேண்டியது அவளுடைய பாடலையே. அதற்குத் தேவையானது நாளுக்குக் கால்மணி நேரமும், பிழைக்கு அஞ்சாத ஒரு வீடுமேயாம்.

உங்கள் வீட்டில் துணி மூடிக் கிடக்கும் கருவி உண்டாயின், இன்று மாலையே அத்துணியை எடுங்கள். மணிக்கூட்டை அப்பால் வையுங்கள். பிள்ளையின் அருகே அமர்ந்து கேளுங்கள்.